ஒரே ஊர், மூன்று விதமான வழிவிடுதல்

சாலையைக் கடக்க நிற்பவருக்கு வண்டியோட்டி வழிவிடும் பழக்கம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. திருச்சியில் அது பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது.

ஸ்ரீரங்கத்தில் கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப்புறத்தவை குடியிருப்புத் தெருக்கள். உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. தெற்கிலிருந்து வரும் வண்டி, 1987-இல் கட்டி முடிந்த 236 அடி ராஜகோபுரத்திலிருந்து ஒவ்வொரு கோபுர வாசலாக நுழைந்துதான் உள்ளே வர முடியும். வாசலின் அகலமே வேகத்தை அடக்கிவிடுகிறது. காவிரிக்கரையின் அம்மா மண்டபப் படித்துறையில் நீராடிய குடும்பம் ஈரத் துணியோடு நடுத்தெருவில் நடந்து போகும். பின்னால் வரும் ஆட்டோ லேசாக ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டு, அவர்கள் ஒதுங்கும்வரை ஊர்ந்துகொண்டே வரும். அங்கே நடப்பவர்தான் தெருவுக்கு உடையவர்.

காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் வந்தால் நிலைமை வேறு. கடப்பவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டியபடி இறங்குகிறார். பைக் நிற்பதில்லை, சற்று வளைந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பேருந்துக்கு அந்த நெளிவும் இல்லை. திருச்சியின் நகரப் பேருந்துகளில் தனியார் வண்டிகள் ஏராளம். முன்னால் போவதை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் தன் வண்டியில் ஏறும். டைமிங்கையும் கலெக்‌ஷனையும் பார்த்து ஓட்டுபவருக்கு, ஒருவருக்காக பிரேக் போடுவது நஷ்டக் கணக்காகிவிடுகிறது. இதை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்குவது சரியல்ல.

மிகக் கொடுமையான இடம் தஞ்சாவூர் சாலை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று ஊர்களைப் பிளந்துகொண்டு தேசிய நெடுஞ்சாலை போகிறது. சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இங்கே சிக்கல் வேகம்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆளைப் பார்த்த கணத்திலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வந்தால் ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். வேகம் கூடக் கூட, நிற்க மனமிருப்பவருக்கும் இடமிருப்பதில்லை.

இலங்கை நல்ல ஒப்பீடு. கொழும்பில் பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்தால் பெரும்பாலும் வாகனங்கள் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் முதலில் வியப்பது இதைத்தான். மக்களின் குணம் கடல் தாண்டி மாறிவிடவில்லை; கடவையில் நிற்காவிட்டால் காவலர் பிடிப்பார் என்ற எண்ணம் அங்கே ஊறியிருக்கிறது. இந்தியாவிலேயே ஐசால் நகரத்தில் ஹார்ன் இல்லாமல் வரிசையில் காத்திருக்கும் வண்டிகளைக் காணலாம்.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் தேய்ந்துபோன கோட்டை மதிக்கச் சொல்லி யாரையும் பிடிக்க முடியாது. திருச்சியின் என்.எஸ்.பி. ரோட்டில் நடைபாதையைக் கடைச் சரக்கு பிடித்துக்கொள்ள, நடப்பவர் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார். அங்கே முதலில் நடைபாதை மீள வேண்டும். பேருந்து நிலைய வாசல்களில் மேடாக உயர்த்திய கடவையும் அபராதமும் வேண்டும். காட்டூரில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கோ, ஓட்டுநரின் நல்ல மனதுக்கு முன்பாக சர்வீஸ் ரோடும் சிக்னலும் வந்தாக வேண்டும்.