நசுங்கிய ஆயில் பில்டரை மாட்டலாமா?

நம் உறுப்பினர்களில் பலர் சரக்கு எடுக்கச் சொந்த லோடு வண்டி வைத்திருக்கிறோம். ஆயில் மாற்றும் நாளில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் லேசாக நசுங்கிய பில்டரைக் காட்டி, "அடி வெளியேதான்; விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன செய்வது?

அட்டைப்பெட்டி கிழிந்திருப்பதும், பெயிண்டில் கீறல் இருப்பதும் குறையல்ல, தாராளமாக மாட்டலாம். தகடு உள்வாங்கியிருந்தால் வேண்டாம். அந்த மெல்லிய தகட்டுக்குள்தான் மடிப்பு மடிப்பான வடிகட்டும் காகிதமும் வால்வும் இருக்கின்றன. என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தத்துடன் அதற்குள் பாய்கிறது. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் இன்னும் கூடும். தகடு மடங்கிய இடத்தில் நாளடைவில் வெடிப்பு விடலாம். ஆயில் ஒழுகித் தீர்ந்தால் பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் பிடித்துக்கொள்ளும். சரக்கோடு வண்டி நடுவழியில் நிற்கும். உள்ளே காகிதம் கிழிந்திருந்தால் வடிகட்டாத ஆயிலே என்ஜினில் சுற்றும். இது வெளியே தெரியாது.

எனவே வாங்கும்போதே பெட்டியைத் திறந்து மூன்றைப் பார்ப்போம்: ரப்பர் வளையம் வெட்டுப்படாமல் இருக்கிறதா, மரை சுத்தமாக இருக்கிறதா, அடித்தகடு சேரும் விளிம்பு நெளியாமல் இருக்கிறதா. கீழே விழுந்த பில்டர் என்று தெரிந்தால் வேறு கேட்போம். ஏற்கெனவே நசுங்கியதை மாட்டிவிட்டவர்கள் அடுத்த ஆயில் மாற்றம்வரை காத்திராமல் உடனே மாற்றிவிடுவது நல்லது.

விளிம்பு நசுங்கிய டின்னை வாடிக்கையாளர் கையில் நாம் கொடுப்பதில்லை. நமக்கும் அதே கணக்குதான். சில நூறு ரூபாய்ப் பொருளில் தள்ளுபடி பார்த்து, பல ஆயிரம் ரூபாய் என்ஜின் வேலையை விலைக்கு வாங்க வேண்டாம்.