வாயில்வரை வந்த வீரர்



துன்பியல் நாடகத்தைக் கற்பிக்கும்போது, தலைவனின் பெருமை எதுவோ அதனோடு ஒட்டியே அவனது குறையும் இருக்கும் என்று நாம் விளக்குவதுண்டு. இதற்கு எடுத்துக்காட்டாக நான் என் மாணவருக்குச் சொல்வது ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை. அவர் அமெரிக்கப் பேஸ்போல் பந்து வீச்சாளர் ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. முதல்தரச் சங்கத்தில் ஒரு போட்டியேனும் ஆடாதவர். ஆதலால் நம்மில் பலர் அவரை அறியார்.

ஆட்டத்தைச் சிறிது விளங்கிக்கொள்வோம். நமது துடுப்பாட்டத்தைப்போல் அங்கே பந்து நிலத்திற் பட்டு எழுவதில்லை; ஏறத்தாழ 18 மீற்றர் தூரத்திலிருந்து நேரே எறியப்படும். துடுப்பாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட வெளியே இலக்கு. மூன்று பந்துகளைத் தவறவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். நான்கு பந்துகள் இலக்கை விட்டு விலகினால், அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து செல்வார். எனவே வேகமும் குறியும் ஒருங்கே வேண்டும்.

1939 இல் கனெற்றிக்கட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரிற் பிறந்த டல்கோவ்ஸ்கிக்கு வேகம் வரமாக வாய்த்தது. குறி வாய்க்கவில்லை. 1957 இல் பால்ரிமோர் ஓரியோல்ஸ் கழகத்தின் கீழ்நிலை அணியிற் சேர்ந்த அவர், அவ்வாண்டுப் போட்டி ஒன்றில் 24 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். 18 பேரை நடக்கவும் விட்டார். அவரது அணி தோற்றது. 1960 இல் ஸ்டொக்டன் அணிக்கு ஆடியபோது ஆட்டமிழக்கச் செய்தோர் 262, நடக்க விட்டோரும் 262. ஆற்றலும் குறையும் இப்படிச் சரிநிகராய் நின்ற கணக்கு வேறெங்கும் காண்பதரிது.

பயிற்றுநர் ஆளுக்கொரு முறை சொன்னார்கள், பயன் விளையவில்லை. 1962 இல் எல்மைரா அணியின் முகாமையாளர் ஏர்ள் வீவர் வேறு வழி கண்டார். புத்திமதிகளைக் குறைத்தார். இரண்டு வகை எறிகளே போதும், முழுப் பலத்தையும் எப்போதும் காட்ட வேண்டாம் என்றார். அவ்வாண்டு 160 இனிங்ஸில் நடக்க விட்டோர் 114 ஆகக் குறைந்தனர். மாணவனின் இயல்பறிந்து சுமையைக் குறைத்த இந்த ஆசிரியத்துவமே என்னை மிகவும் கவர்ந்தது.

மறுவருடம் மார்ச் மாதம் முதல்தர அணியின் சீருடைக்கு அவரிடம் அளவெடுத்தார்கள். அதே நாளில், யாங்கீஸ் அணிக்கெதிரான பயிற்சிப் போட்டியில், முழங்கை பழுதடைந்தது. போர்க்களத்திற் கர்ணனின் தேர்ச்சில்லு புதைந்ததை நினைவூட்டும் கணம் அது. போன வேகம் மீளவில்லை. 1965 உடன் 46 வெற்றி, 80 தோல்வி என்ற கணக்கோடு அவரது ஆட்டம் முடிந்தது. பின்னர் மதுவுக்கு அடிமையாகிக் கலிபோர்னியாவிலே தோட்டக் கூலியாக உழைத்தார். 1994 இல் பிறந்த ஊருக்கு மீண்டு, பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்து, 2020 ஏப்ரலிற் கொரோனா நோயுற்று 80 வயதிற் காலமானார்.

கலை அவரை மறக்கவில்லை. ஓரியோல்ஸின் கீழ்நிலை அணிகளில் ஆடிய றொன் ஷெல்டன், தாம் எழுதி இயக்கிய 'புல் டேராம்' (1988) திரைப்படத்தில், குறிதவறும் இளம் வீச்சாளன் பாத்திரத்தை இவரைக் கருத்திற்கொண்டே படைத்தார். வென்றவரை வரலாறு எழுதிக்கொள்ளும். வாயில்வரை வந்தவரைப் பேணுவது இலக்கியத்தின் கடமை.

2003 இல் பால்ரிமோர் மைதானத்திலே போட்டி ஒன்றின் தொடக்கப் பந்தை எறியும் மதிப்பு அவருக்குக் கிடைத்தது. சீருடைக்கு அளவெடுத்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.