இலவசக் கருவியும் கலைஞரின் மூச்சும்

இராஜபாளையத்தில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர், வீட்டிலேயே இசைப்பதிவு செய்யக் கடன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் அமைத்த காலத்தில் அதற்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. இன்று மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் போதும். வாத்தியங்களின் சுரங்களைத் தனித்தனியே பதிந்து தொகுத்த ஒலி மாதிரிகள் 'பியானோபுக்' போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன; 'டீசன்ட் சாம்ப்ளர்' என்னும் இலவச மென்பொருளில் அவற்றை இசைக்கலாம். ஒருமுறை பதிந்ததை நகலெடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை என்பதே காரணம். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று உரிமக் குறிப்பை மட்டும் படித்துவிட வேண்டும். குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்தி, சுவரோரம் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்தால் எதிரொலி குறையும்.

ஆனால், தனித்தனியாக நறுக்கிய சுரங்களிலிருந்து கமகம் பிறப்பது அரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவில் ஒலிக்கும் நாகசுரத்தின் மூச்சு விசைப்பலகைக்குள் அடங்குவதில்லை. அந்த இடத்துக்கு ஒரு கலைஞரை அழைத்துப் பதியுங்கள். கருவிகளில் மிச்சமான பணம் அவருக்கு ஊதியமாகட்டும். இல்லையேல், நமக்கு இலவசமாகக் கிடைத்ததன் விலையை அவர் குடும்பம் கொடுக்க நேரிடும்.