கூண்டு வேண்டாம்... கூப்பிடு தூரம் போதும்!

குளத்தங்கரையில் வீடு இருந்தால், தினமும் ஒரு கொக்கோ, மீன்கொத்தியோ வந்து உட்காரும். நாலு நாள் பார்த்ததும், 'மீன் போட்டுப் பழக்கலாமா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு நல்ல பதில், திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் இருக்கிறது.

1994-ம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆனால், ஊர்மக்களுக்கும் பறவைகளுக்குமான உறவு அதற்கும் முந்தையது. மணிமுத்தாறு அணைத் தண்ணீரில் குளம் நிரம்பினால், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்துசேரும். குளத்துக்குள் இருக்கும் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டோரத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டும். வாசலெல்லாம் எச்சம், மீன் வாடை வேறு. ஆனாலும், யாரும் கல் எறிவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

எச்சமே உரம்

பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகம். எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு இடுகிறார்கள். இடம் கொடுத்தவர்களுக்குப் பறவை கொடுக்கும் கூலி அது!

உங்கள் வீட்டுக்கு வரும் பறவைக்கு...

* சோறு, ரொட்டி, மீன் எதுவும் போட வேண்டாம். மனிதரைக் கண்டு பயம் விட்டுப்போன பறவை, வேட்டைக்காரர் கையில் சுலபமாகச் சிக்கும்.

* தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், சத்தமில்லாமல் உட்காருங்கள். 'இவரால் ஆபத்தில்லை' என்று அதுவே புரிந்துகொள்ளும்.

* கரையோரம் நிற்கும் பட்ட மரத்தை வெட்டாதீர்கள். மீன்கொத்தி உட்கார்ந்து மீன் பார்ப்பது அதில்தான்.

* அறுந்த வலை, தூண்டில் நரம்பைக் கரையில் போடாதீர்கள். காலில் சுற்றினால், பறவை தப்புவது கடினம்.

* பூச்சிக்கொல்லி டப்பாவைக் குளத்தில் கழுவாதீர்கள். மீன் வழியாக விஷம் பறவைக்கும் போகும்; நமக்கும் வரும்.

* இறகு முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால், எட்டும் உயரத்தில் கூடு இருந்தால் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. அடிபட்டிருந்தால், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே, பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'அதை நாம் பழக்க வேண்டாம். நாம் அதற்குப் பழகிக்கொள்வோம். அடுத்த வருஷமும் வரும்!'