கடைசி வாரத்து வெயில்

என் நாற்றுப்பண்ணைக்கு வருகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். "ஏனுங்க, இதைவிட நெட்டையா நாத்து இல்லீங்களா?" என்பார்கள். உடுமலைப் பக்கம் தக்காளி நடுபவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது நெட்டை நாற்று அல்ல. அரைச் சாண் உயரம், தண்டின் அடியில் லேசாக ஊதா படிந்திருக்க வேண்டும், இலை கொஞ்சம் தடித்திருக்க வேண்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்காது. ஆனால் காட்டில் பிழைப்பது அதுதான்.

நிழல்வலைக்குக் கீழே, குழித்தட்டில், தென்னை நார்க்கழிவில் வளர்கிற நாற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் வேளைக்கு வருகிறது, வெயில் பாதிதான் விழுகிறது. வெளிச்சம் போதாத செடி அதைத் தேடி மேலே நீளும், தண்டு மெலியும். இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலமும் மெல்லியதாகவே இருக்கும். அப்படியே பிடுங்கிச் சித்திரை வெயிலில் நட்டால், வேர் உறிஞ்சுவதைவிட இலை விடும் நீர் அதிகமாகிவிடும். இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகக் கருகும். விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், விதை என்ன செய்யும்?

தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும். கடைசி ஆறேழு நாள்தான் என் உண்மையான வேலை. முதல் இரண்டு நாள், காலை ஒன்பது மணி வரைக்கும் மட்டும் நிழல்வலையைச் சுருட்டிவிடுவேன். அடுத்து உச்சிப்பொழுது வரை. கடைசி இரண்டு நாள் முழு வெயில். நிழல்வலையைத்தான் எடுப்பேனே தவிர, பூச்சிவலையை எடுக்கவே மாட்டேன். நோய்க் கிருமியைச் சுமந்த வெள்ளை ஈ உட்கார்ந்து சாறு உறிஞ்சினால் இலைச்சுருட்டை நோய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தச் செடி சரியாகக் காய்க்காது.

பூச்சிவலைக்குள் காற்று அவ்வளவாக நுழையாது. எங்கள் ஊரிலோ ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். இத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அதனால் நாற்றின் தலையை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுவோம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தொடப்படுகிற, ஆட்டப்படுகிற செடி உயர்வதைக் குறைத்துத் தண்டைத் தடிக்கச் செய்யும். மார்டெக்காய் ஜாஃபே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1973-இல் இதற்கு ஒரு பெயரே வைத்து எழுதினார். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் கை வைக்கக் கூடாது, நோய் பரவும்.

தண்ணீரைக் குறைப்பதில்தான் நிதானம் தேவை. தட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். கனம் குறைந்து, நார்க்கழிவு வெளிறிய பிறகுதான் ஊற்றுவது. உச்சி வெயிலில் இலை லேசாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். சாயங்காலமும் நிமிரவில்லை என்றால் உடனே தண்ணீர் காட்டிவிட வேண்டும். தழைச்சத்து உரத்தை இந்த வாரம் தொடவே கூடாது. அது மறுபடியும் இளசாக நீட்டிவிடும்.

கத்தரி முப்பது நாளுக்கு மேலும், மிளகாய் 35 முதல் 40 நாளும் தட்டில் இருக்கும்; அவற்றுக்கும் கடைசி வாரம் இதே பாடுதான். பூசணி, புடலை, பீர்க்கன் அப்படியல்ல. அவற்றுக்கு வெயில் காட்டலாம், தண்ணீரைப் பிடித்து வைக்கக் கூடாது. ஒருமுறை முடங்கினால் கொடி எழவே எழாது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் படிப்படியாக வெயில் காட்டத்தான் சொல்வேன். ஜன்னலோரம் முளைத்ததை ஒரே நாளில் மொட்டை மாடிக்கு ஏற்றாதீர்கள். காலை வெயில் மட்டும் விழும் மூலையில் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும்.

இப்படி வெயிலுக்குப் பழக்கிய நாற்றையும் சாயங்காலம்தான் நட வேண்டும். நடுவதற்கு முன்னால் தட்டை நன்றாக நனைத்துவிட்டால் வேர்க்கட்டி உடையாமல் வரும். வண்டியில் ஏற்றும்போது தட்டுகளுக்கு மேலே ஒரு பழைய வேட்டியையாவது கட்டுங்கள். ஓடுகிற வண்டியின் காற்று ஒரு மணி நேரத்தில் இலையை உலர்த்திவிடும்.

உழவு முடியுமுன்னே நாற்றை வாங்கி வந்து களத்தில் போட்டு வைப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. குழிக்குள் வேர் சுற்றிக்கொண்டால் பிறகு மண்ணில் பரவ அதற்கு மனம் வராது. பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் ஒரு போன் பண்ணுங்கள். அன்றைக்கே எடுத்துத் தருகிறேன்.