பூண்டுக் குழம்பு யாருக்கு?

மடிக்கு வந்தவர்கள் – 7

எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசம் போதும். பிரசவ லேகியம், சுறாப்புட்டு, வெந்நீர்க் குளியல் என்று பக்குவம் நடக்கும். அதில் மருந்து பாதிதான். ‘நீ படு, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறதே, அதுதான் மீதி.

பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து மாதக் குழந்தையைத் தத்தெடுத்து வந்த அன்று எல்லோரும் போனோம். கேசரி சாப்பிட்டோம். ‘பெரிய மனசும்மா உனக்கு’ என்றோம். வந்துவிட்டோம்.

மூன்றாவது வாரம் இட்லி மாவு கேட்டு வந்தவள், கிண்ணத்தை நீட்டியபடியே நின்றாள்.

“அக்கா, ஆறு வருஷம் காத்துக் கிடந்து வாங்கின பிள்ளை. அழுதா எரிச்சலா வருது. இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?”

இதற்குப் பெயர் இருக்கிறது. தத்தெடுப்புக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று 1995இலேயே அமெரிக்காவில் ஜூன் பாண்ட் எழுதினார். செவிலியர்துறை ஆய்வாளர் கேரன் ஃபோலி 2004இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். பெற்றவளின் சோர்வை ஹார்மோன் தலையில் போட்டுவிடலாம். இவளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. நெஞ்சில் வருடக்கணக்காக வளர்த்த பிள்ளை வேறு, ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தும் பிள்ளை வேறு.

உதவி சட்டத்தில் இல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும். குழந்தையோடு ஒட்டவில்லை என்றால் ஆலோசனைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அவர் வரும் காலையில் இவள் பொம்மைகளை வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள். அழுதால் பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆறுதல் சொல்பவரும் அறிக்கை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டாள் என்பது என் கட்சி. பெயர் சொல்லாமல் பேச வேண்டுமானால் 14416 இருக்கிறது, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்.

விடுப்பும் கிடைக்கவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தத்தெடுத்தவளுக்கு 12 வாரம் தந்தது, குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால். பெற்றவள் ஒப்படைத்தபின் மனம் மாற 60 நாள் அவகாசம். அது கழிந்து, தத்துக்கு உரியது என்று அறிவித்து, வீடு வந்து சேர்வதற்குள் மூன்று மாதம் எங்கே நின்றது?

வாடகைத் தாய் விஷயத்தில் இந்தப் பிரசவப் பக்குவம் இன்னும் விசித்திரம். பத்தியம் ஒரு வீட்டில், பிள்ளை இன்னொரு வீட்டில்.

மாவு வாங்கிப் போனவளின் பின்னாலேயே என் மாமியார் தூக்குச்சட்டியோடு கிளம்பினார். பூண்டுக் குழம்பு.

“நான் பால் கொடுக்கலையேம்மா...”

“பூண்டு பாலுக்கு மட்டுமாடி? தின்னுட்டுப் படு. புள்ளைய இங்க குடு.”