குலுங்கிய மூளையும் குலைந்த உறக்கமும்

நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் பழனி–உடுமலைச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நினைவு தப்பவில்லை, காதோரம் சிறு சிராய்ப்புத்தான். ஸ்கேன் படத்திலும் குறை ஏதுமில்லை. ஆனால் மூன்று மாதங்கள் கடந்த பின்னும் நீளமான கூட்டல் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. ஏலம் கூறும் குரல் மண்டைக்குள் இடிக்கிறது. பகலில் கண் சொக்குகிறது; இரவில் இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை உறக்கம் இல்லை. 'படத்தில்தான் ஒன்றும் இல்லையே, வேலைக்குப் போகச் சோம்பல்' என்கிறார்கள் வீட்டார்.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது மூளைக்குலுக்கம்.

சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, மண்டையோட்டினுள் ஒரு நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மென்மையான மூளை உள்ளே முறுக்கப்படுகிறது. நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. உடனே பொட்டாசியம் அயனிகள் அணுவை விட்டு வெளியேற, கால்சியம் உள்ளே புகுகிறது. இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அணுவிலுள்ள 'பம்புகள்' ஓயாது இயங்கவேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. ஆனால் அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது! செலவு மிகுந்து வரவு சுருங்கிய குடும்பத்தின் நிலைதான். சி.டி. படம் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். சுவர் இடிந்தது படத்தில் தெரியும். மின்சாரம் குறைந்தது தெரியுமா?

அறிகுறிகள் உடனே தோன்றவேண்டும் என்பதும் இல்லை. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடந்த இருபது ஓவர் ஆட்டத்தில் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. அவர் தொடர்ந்து ஆடி, ஆட்டமிழக்காமல் 44 ஓட்டங்கள் எடுத்தார். உடைமாற்றும் அறைக்குத் திரும்பிய பின்னரே தலைச்சுற்றல் தெரிந்தது. சகால் மாற்று வீரராக வந்து மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். (சேலம் மாவட்டத்து நடராஜன் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் முதன்முதலாகப் பந்து வீசியதும் அன்றுதான்.) இத்தகைய மாற்று வீரருக்கு இடம் தரும் விதி 2019-இல்தான் ஏற்பட்டது.

தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வலுவாக இருக்கிறது. மருத்துவர் பார்த்து அபாயமில்லை என்ற பிறகு தூங்கலாம், தூங்கவும் வேண்டும். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் வலுவிழத்தல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், எழுப்பினாலும் விழிக்காமை, இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது. மண்டைக்குள் இரத்தம் கசியும்போது, முதலில் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரும் பிறகு மயங்கிவிடுவது உண்டு.

பெரியவர்கள் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும் சிறுவர்கள் நான்கு வாரங்களிலும் தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் தொல்லை மாதக்கணக்கில் நீள்கிறது. அங்கே உறக்கமே முடிச்சாகிவிடுகிறது. அடிபட்ட தொடக்கத்தில் உறக்கம் மிகும், பிறகு கெடும். பகலில் படுத்துக் கிடப்பதால் இரவு விழிப்பு. இரவு விழிப்பால் மறுநாள் தலைவலி. தலைவலிக்காக மீண்டும் படுக்கை. மூளைக்குள் இரவு பகலைக் கணிக்கும் கடிகாரமும் இதில் தடம் மாறுகிறது.

'இருட்டறையில் முழு ஓய்வு' என்பதே முன்பு பொதுவான அறிவுரை. அது இப்போது கைவிடப்பட்டுவிட்டது. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வு கூறப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் ஓய்வு கூறப்பட்டவர்களைவிட அதிகத் தொல்லைகளைக் கூறினர். 2019-இல் பஃபலோ நகரத்து ஆய்வாளர்கள் வளரிளம் பருவ வீரர்கள் 103 பேரை இரு பிரிவாக்கினர். தலைவலி கூடாத அளவில் நாள்தோறும் உடற்பயிற்சி செய்தவர்கள் சுமார் 13 நாளில் தேறினர். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆயிற்று. எனவே முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. செல்போன் திரையையும் அப்போது குறைத்துக்கொள்ளவேண்டும். பிறகு நடை. தொல்லை சற்றுக் கூடினால் குறைத்துக்கொண்டு மறுநாள் தொடரலாம்.

உறக்கத்துக்கு வழி எளியது, ஆனால் பிடிவாதம் வேண்டும். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழவேண்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மாலைக்குப் பின் காப்பி, தேநீர் வேண்டாம். உறக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பவேண்டும். அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் காலைதோறும் அரை மணி நேரம் நீல ஒளியை ஆறு வாரம் காட்டியதில், உறங்கும் நேரம் முன்னேறிப் பகல் சோர்வு குறைந்தது. அந்த விளக்கைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. பழனிமலைச் சாரலில் காலை வெயிலுக்கா பஞ்சம்? விடிந்ததும் வரப்பில் நடந்தால் ஒளியும் கிடைக்கும், பயிற்சியும் கிடைக்கும்.

மதுவும், மருத்துவர் சொல்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையும் கெடுதலே செய்யும். தலைவலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாட்களுக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும் என்பது பலருக்குத் தெரியாது. நான்கு வாரம் தாண்டியும் தொல்லை நீடித்தால், தனித்தனியே காரணம் தேடவேண்டும். கழுத்துத் தசையின் சுளுக்கே தலைவலியாகத் தோன்றலாம். குறட்டையும் மூச்சடைப்பும் உறக்கத்தைக் கெடுக்கலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் அறை சுழல்வது போலிருந்தால், உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்கக்கூடும். காது மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் சாய்த்துத் திருப்பியே அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார், மாத்திரைகூடத் தேவைப்படாது.